செயினை அளக்காமல் செல்ஃப் அடிக்காதீர்கள்

டயருக்குப் பதில் இரும்புச் செயினில் ஓடுகிற பழைய செயின் டிராக்டர் ஒன்று விலைக்கு வருகிறது என்று தெரிந்தால், வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி "ஸ்டார்ட் ஆகுமா?" என்பதுதான். விற்கிறவருக்கும் இது தெரியும். காரிமங்கலமோ பாப்பாரப்பட்டியோ, புளியமரத்தடியில் பல வருஷமாக நின்ற வண்டிக்கு முதல்நாளே புது பேட்டரி மாட்டி, டீசல் லைனில் காற்று எடுத்து வைத்திருப்பார். நாம் போய் நின்றதும் "ஒரே செல்ஃப்தாண்ணா" என்று அடித்துக் காட்டுவார். கரும்புகை ஒரு வீச்சு கிளம்பும். பிறகு நாலு சிலிண்டரும் சேர்ந்து அந்தக் கனத்த தாளத்துக்கு வந்துவிடும். பார்க்க வந்தவரின் மனசு அங்கேயே விழுந்துவிடும். அதற்கப்புறம் நடக்கும் விலைப் பேச்சு முழுக்க அந்தச் சத்தத்துக்கான பேச்சுதான். வண்டியின் கீழே குனிந்து பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

இது வெகுநாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. எஞ்சின் ஓடுவதைக் கேட்டு ஆசைப்படுவதில் தப்பில்லை, ஆனால் செலவுக் கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. எஞ்சின் கெட்டால் அதை எழுப்ப நம் ஊரில் ஆள் உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி லாரிப் பட்டறைகளில் லைனர் மாற்றுவதும் ஹெட் இறக்கி ஏற்றுவதும் அன்றாட வேலை. பெரிய லேத் வேலை என்றால் ஓசூர் இருக்கிறது. வண்டியைத் தாங்கி ஓடவைக்கும் கீழ்ப்பகுதியான அண்டர்கேரேஜ் அப்படியல்ல. இரண்டு பக்கச் செயின், அதன்மேல் போல்ட் செய்த ஷூ என்ற பட்டைகள், செயின் மேல் உருளும் கீழ் ரோலர், செயினைத் தாங்கும் மேல் ரோலர், முன்னால் உள்ள ஐட்லர் சக்கரம், பின்னால் செயினை இழுக்கும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட் எல்லாம் சேர்ந்து, ஒரு செயின் வண்டியின் ஆயுள் முழுக்க ஆகும் பராமரிப்புச் செலவில் ஏறக்குறைய பாதியைத் தின்றுவிடும். உற்பத்தி நின்று ஐம்பது அறுபது வருஷம் ஆன மாடலுக்கு இவை கடையில் கேட்டு வாங்குகிற சாமானும் இல்லை. எஞ்சின் பாடுகிற, செயின் செத்துப்போன வண்டி ஒன்று. எஞ்சின் இறுகிப்போன, செயின் நன்றாக இருக்கிற வண்டி ஒன்று. இரண்டும் ஒரே விலைக்கு வந்தால் நான் இரண்டாவதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

நம் நாட்டில் பழைய செயின் வண்டிகள் வந்த வழி சில உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்க ராணுவம் விட்டுப்போன டிராக்டர்களை வைத்து, மத்திய டிராக்டர் அமைப்பு தரிசு நிலங்களைத் திருத்தத் தொடங்கியது. 1949-இல் உலக வங்கி கொடுத்த ஒரு கோடி டாலர் கடனில் அந்த வேலைக்கே மேலும் இயந்திரங்கள் வந்தன. நம் மாநிலத்தில் வேளாண்மைப் பொறியியல் துறையின் டோசர்கள் வாடகைக்கு வந்து மேட்டு நிலங்களைச் சமன் செய்ததை மூத்த விவசாயிகள் இன்னும் சொல்வார்கள். 1964-இல் மத்திய அரசு நிறுவனமான பெமல் தொடங்கப்பட்டு, எல்லைக்கு அந்தப் பக்கம் கோலார் தங்கவயல் ஆலையில் ஜப்பானின் கொமட்சு தொழில்நுட்பத்தில் டோசர்கள் உருவாயின. இன்று பழைய வண்டி தேடுகிறவருக்குக் கிடைக்க அதிக வாய்ப்புள்ளது அந்த டி50, டி80 வகைகள்தான். இன்னும் பழசு தேடுகிறவர்களுக்குக் கனவு கேட்டர்பில்லர் டி2. 1938 முதல் 1957 வரை வந்த மூன்று டன் சொச்சம் எடையுள்ள சின்ன வண்டி. அதன் சீரியல் எண் 4யூ என்று தொடங்கினால் ஒரு செயினின் நடுவிலிருந்து மறு செயினின் நடு வரை அகலம் 40 அங்குலம், 5யூ என்றால் 50 அங்குலம். அண்ணனான டி4-இல் 6யூ 44 அங்குலம், 7யூ 60 அங்குலம். இந்த எண்ணைப் பார்க்காமல் சாமான் தேடப் போனால் வேறு வண்டியின் ரோலரைத் தூக்கிக்கொண்டு வரவேண்டி இருக்கும். பெயர்த் தகட்டை மட்டும் நம்பவும் கூடாது. தகடு கைமாறும். எஞ்சின் பிளாக்கிலும் வண்டியின் பின்பக்கக் கேஸிலும் வெட்டிய எண்ணை வயர் பிரஷ் போட்டுத் தேய்த்துப் படித்துவிடுங்கள்.

அரசுத் துறைகள் கழித்த வண்டிகள் எம்.எஸ்.டி.சி. மின்னேலம் போன்ற வழிகளில் வரும்போது, "உள்ளது உள்ளபடியே" என்பதுதான் நிபந்தனை. யார்டில் பேட்டரி மாட்டி ஓட்டிப் பார்க்க வழி இருக்காது. அங்கே எஞ்சினைப் பற்றி ஊகம்தான் செய்ய முடியும், செயினையோ மில்லிமீட்டர் வரை தெரிந்துகொள்ளலாம். அதற்கு வேண்டியது ஒரு ஸ்டீல் டேப், ஒரு காலிபர், ஒரு கடப்பாரை, ஒரு வயர் பிரஷ், ஒரு சாக்பீஸ்.

செயின் நீளுவதில்லை

"செயின் நீண்டுபோச்சு" என்று எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் இரும்பு லிங்க் ஒரு மில்லிமீட்டர்கூட நீளுவதில்லை. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஒரு ஜோடி லிங்கில் புஷ் என்ற குழாய் அழுத்தி ஏற்றப்பட்டிருக்கும். அடுத்த ஜோடியில் பின் என்ற தண்டு அழுத்தி ஏற்றப்பட்டு, அந்தப் புஷ்ஷுக்குள் நுழைந்து போகும். ஸ்பிராக்கெட்டைச் சுற்றியும் ஐட்லரைச் சுற்றியும் செயின் மடங்கும்போதெல்லாம், முழு இழுவையோடு பின் புஷ்ஷுக்குள் கொஞ்சம் திரும்பும். பழைய வண்டிகளின் செயின் உள்ளே எண்ணெய் இல்லாத காய்ந்த செயின். நம் செம்மண்ணில் வெங்கச்சங்கல் பொடி நிறைய. ராயக்கோட்டை, சூளகிரி மண்ணை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் அந்த நறநறப்பு தெரியும். மழை ஈரத்தோடு அந்தப் பொடி பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே போனால், பட்டறையில் வால்வு தேய்க்கும் பேஸ்ட் செய்யும் வேலையைச் செய்யும். பின் ஒரு பக்கம் மட்டும் தேயும், புஷ்ஷின் உள்சுவரும் ஒரு பக்கம் மட்டும் தேயும். ஒரு மூட்டில் மூன்று மில்லிமீட்டர் தேய்ந்தால், நாற்பது மூட்டுள்ள செயினில் பன்னிரண்டு சென்டிமீட்டர் தொய்வு. அதைத்தான் நீண்டுபோச்சு என்கிறோம்.

தொய்வை ஐட்லரை முன்னே தள்ளி இழுத்துவிடலாம். பிட்ச், அதாவது ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் வரை உள்ள தூரம், மாறியதை எந்த அட்ஜஸ்டராலும் மாற்ற முடியாது. ஸ்பிராக்கெட் பல்லின் இடைவெளி பழைய பிட்ச்சுக்கு வெட்டப்பட்டது. செயினின் பிட்ச் கூடும்போது புஷ் பல்லின் குழியில் உட்காராமல் முதுகில் ஏறும். சுமை கூடும்போது "டங், டங்" என்று ஒரு குதிப்புச் சத்தம் வரும். பல்லின் முனை நாளுக்கு நாள் கூராகும். கூரான பல்லைப் பார்த்துவிட்டுப் பலபேர் ஸ்பிராக்கெட்டை மட்டும் மாற்றுகிறார்கள். தேய்ந்த செயின் புது ஸ்பிராக்கெட்டையும் வெகு சீக்கிரம் அதே கதிக்குக் கொண்டுபோகும், அந்தப் பணம் மண்ணில் போட்டதுதான்.

அளக்கும் முறை இது. செயினின் மண்ணைச் சுரண்டி எடுங்கள். வண்டி ஓடுகிற நிலையில் இருந்தால், ஸ்பிராக்கெட்டின் மேல்பக்கம் பல்லுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே ஒரு பழைய பின்னைக் கொடுத்து, மெல்ல ரிவர்ஸ் எடுத்தால் மேல்செயின் நாண் மாதிரி விறைக்கும். ஓடாத வண்டி என்றால் மேல் ரோலருக்கும் ஐட்லருக்கும் நடுவில் தொய்வே இல்லாமல் அட்ஜஸ்டரை இறுக்குங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் தளர்த்திவிடவேண்டும். இப்போது ஒரு பின்னின் முன்விளிம்பில் டேப்பை வைத்து, ஐந்தாவது பின்னின் முன்விளிம்பு வரை அளங்கள். ஐந்து பின், நடுவே நான்கு பிட்ச். செயினைப் பிரிக்கவும் சேர்க்கவும் இருக்கிற மாஸ்டர் பின் இந்த அளவுக்குள் வரக்கூடாது. அது இடையில் கழற்றி மாட்டப்பட்டிருக்கும், தேய்மானம் மற்ற பின்களோடு ஒத்துப்போகாது. ஒரு பக்கத்துக்கு மூன்று இடம், இரண்டு பக்கமும் ஆறு அளவு எடுத்து, சாக்பீஸால் அந்தந்த ஷூவிலேயே எழுதிவிடுங்கள்.

175 மில்லிமீட்டர் பிட்ச் உள்ள செயினை எடுத்துக்கொள்வோம். புதிதாக இருந்தால் நான்கு பிட்ச் 700. ஒரு மூட்டுக்கு மூன்று மில்லிமீட்டர் தேய்மானம் என்ற எல்லையில் 712. டேப் 703 காட்டினால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 712-ஐத் தாண்டி 715 காட்டினால், நீங்கள் வாங்குவது எஞ்சினும் கேஸும் மட்டும்தான், செயினுக்கு வேறு பணம் வேண்டும் என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். இரண்டுக்கும் நடுவில், 706-இலிருந்து 711 வரை டேப் காட்டுகிற இடம்தான் வண்டியின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் இடம். அந்த நிலையில் பின்னும் புஷ்ஷும் ஒரு பக்கம் மட்டுமே தேய்ந்திருக்கும், மறுபக்கம் ஆலையில் இருந்து வந்தபடியே இருக்கும். இரண்டையும் வெளியே தள்ளி, 180 டிகிரி திருப்பித் திரும்ப ஏற்றினால், பிட்ச் மீண்டும் 700-ஐ ஒட்டி வந்துவிடும். அதே இரும்புக்கு இன்னொரு ஆயுள். இதற்குப் பின்-புஷ் திருப்புவது என்று பெயர். பழைய செயின் வண்டியை மீட்பதில் இதைவிடப் பெரிய லாபம் தருகிற வேலை வேறு கிடையாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு வருஷம் கூடுதலாக ஓட்டி 714 ஆக விட்டுவிட்டால் இந்த வாசல் மூடிவிடும். புஷ்ஷின் சுவர் மெலிந்து, பிரஸ்ஸில் தள்ளும்போதே வெடிக்கும்.

திருப்ப முடியுமா என்பதை உறுதிசெய்ய, புஷ்ஷின் வெளிவிட்டத்தையும் காலிபரில் பிடித்துப் பாருங்கள். ஸ்பிராக்கெட் பல் படுகிற இடத்தில் தேய்ந்த அளவையும், தேயாத பக்கத்தின் அளவையும் ஒப்பிட்டால் போதும். வித்தியாசம் மூன்று மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது, நான்கைத் தாண்டினால் கடினப்படுத்திய மேல்தோல் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். புஷ் ஒன்றிலாவது நீளவாக்கில் விரிசல் இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். மண்ணில் ரிவர்ஸிலேயே அதிகம் ஓடிய வண்டியில் புஷ்ஷின் வெளிப்பக்கம் பின்னைவிட வேகமாகத் தேய்ந்திருக்கும். முன்னால் போகும்போது ஸ்பிராக்கெட் பல்லில் புஷ் அசையாமல் உட்காருகிறது. பின்னால் போகும்போது முழு இழுவையோடு பல்லின்மேல் புஷ் உருளுகிறது. அதனால்தான் டோசர் ஓட்டத் தெரிந்தவர்கள் திரும்பி வரும்போது வேகமான ரிவர்ஸ் கியரைத் தொடமாட்டார்கள்.

இன்னும் மூன்று இடம் பார்க்கவேண்டும். முதலாவது லிங்க்கின் ரயில், அதாவது ரோலர் ஓடுகிற மேல்விளிம்பு. அது எட்டுப் பத்து மில்லிமீட்டர் தேய்ந்துவிட்டால் ரோலரின் பக்கவிளிம்பு பின் உட்கார்ந்திருக்கும் புடைப்பில் இடிக்கத் தொடங்கும். அந்தப் புடைப்பின் தலையில் காசு அளவுக்குப் பளபளப்பான வடு ஒன்று தெரியும். சுற்றிலும் துரு, நடுவில் மட்டும் வெள்ளி மாதிரி மின்னும். அந்த வடுவைப் பார்த்துவிட்டால் பின்-புஷ் திருப்பியும் பெரிய பயன் இல்லை, ரயிலையும் வெல்டிங்கில் ஏற்றவேண்டும். இரண்டாவது, அட்ஜஸ்டரில் இன்னும் எவ்வளவு தூரம் மிச்சமிருக்கிறது என்பது. ஐட்லர் முன்கோடி வரை தள்ளப்பட்டிருந்தால் செயினின் கதை முடிந்தது. மூன்றாவது, ஷூக்களை எண்ணுங்கள். இடது பக்கம் எத்தனை, வலது பக்கம் எத்தனை, அந்த மாடலின் புத்தகத்தில் எத்தனை. தொய்வை மறைக்க ஒரு லிங்கைக் கழற்றிவிட்டு இறுக்கி விற்பது பழைய வேலை. இரண்டு பக்கமும் ஒவ்வொன்று கழற்றியிருந்தால் எண்ணிக்கை சமமாகவே இருக்கும், புத்தகம்தான் காட்டிக்கொடுக்கும்.

இவ்வளவுக்கும் ஒரு மணி நேரம் போதும். இந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகு "ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்கண்ணே" என்று கேளுங்கள். அப்போது அந்தச் சத்தம் காதுக்கு இனிமையாகவே இருக்கும், விலையை ஏற்றாது.

மாஸ்டர் பின்னைத் தட்டும் நாள்

லோபெட் என்ற தாழ்தள லாரியில் ஏற்றி வீட்டுக்கு வந்தபின் முதலில் செய்யும் வேலை செயினைப் பிரிப்பது. கெட்டியான சமதளத்தில், சிமெண்ட் தளமானால் இன்னும் நல்லது, நிறுத்துங்கள். முனையில் குழி அல்லது வேறு அடையாளம் உள்ள மாஸ்டர் பின், முன்னால் ஐட்லரின் நடு உயரத்துக்குச் சற்று மேலே வரும்படி வண்டியை மெல்ல நகர்த்துங்கள். அதற்குக் கீழே உள்ள ஷூவுக்கு மரக்கட்டை முட்டுக் கொடுங்கள். டி50 அளவு வண்டியில் ஒரு பக்கச் செயின் ஷூக்களோடு ஒரு டன் அளவுக்குக் கனக்கும். பின் வெளியே வந்த நொடியில் மேல்பாதி முன்பக்கம் சரிந்து விழும். முன்னால் யாரும் நிற்கக்கூடாது.

தொய்வு கொடுக்கும்போதுதான் உயிருக்கு ஆபத்தான இரண்டு தப்புகள் நடக்கின்றன. கிரீஸ் அட்ஜஸ்டர் உள்ள வண்டியில் கிரீஸ் வால்வை ஒரு சுற்றுக்கு மேல் தளர்த்தக்கூடாது, முகத்தை நேரே வைத்துக் குனியக்கூடாது. உள்ளே இருக்கும் அழுத்தத்தில் வால்வு தோட்டா மாதிரி கிளம்பும். கிரீஸ் வரவில்லை என்றால் வண்டியை முன்னும் பின்னும் கொஞ்சம் நகர்த்துங்கள், வால்வை மேலும் திருகாதீர்கள். இரண்டாவது ரீகாயில் ஸ்பிரிங். ஐட்லருக்குப் பின்னால் பல டன் அழுத்தத்தில் கட்டிவைக்கப்பட்ட ஸ்பிரிங் அது. அதன் நடுப் போல்ட்டையோ நட்டையோ பிரஸ் இல்லாமல் பட்டறைத் தரையில் அவிழ்ப்பவர் பிழைப்பது அதிர்ஷ்டம். துருப்பிடித்து நட்டு உடைந்திருக்குமோ என்ற சந்தேகம் இருந்தாலும் அதன் கோட்டில் நிற்காதீர்கள். கேஸ் கட்டிங் நெருப்பை அந்தப் பக்கமே காட்டாதீர்கள்.

மாஸ்டர் பின் பல வருஷத் துருவில் இறுகியிருக்கும். லிங்க்கின் கண்ணைச் சுற்றிலும் கேஸ் நெருப்பால், கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாக்கி, பின்னைவிடச் சற்று மெலிந்த மென் இரும்புத் தண்டை ஒருவர் நீளமான குறட்டில் பிடிக்க, இன்னொருவர் பெரிய சம்மட்டியால் அடிக்கவேண்டும். பின்னின் தலைமேல் நேராகச் சம்மட்டி படக்கூடாது. கடினப்படுத்திய இரும்பு சில்லுச் சில்லாகத் தெறித்துக் கண்ணில் பாயும். கண்ணாடி போடாமல் இந்த வேலைக்கு ஆளைக் கூப்பிடவே கூடாது.

மற்ற பின்களுக்குச் சம்மட்டி உதவாது, 100 டன் அளவு ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். டோசர், எக்ஸ்கவேட்டர் செயின் வேலை செய்யும் பட்டறையில்தான் அது இருக்கும். கொண்டுபோகும் முன் ஷூ போல்ட்டுகளைக் கழற்றிவிடுங்கள். திருகி வராதவற்றைக் கேஸில் வெட்டிவிடுங்கள், ஒருமுறை இறுக்கிய ஷூ போல்ட்டைத் திரும்பப் போடக்கூடாது. ஒவ்வொரு லிங்குக்கும் பக்கமும் வரிசை எண்ணும் குத்துங்கள். பின்னைத் தள்ளி எடுத்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு பக்கம் மட்டும் பள்ளம் விழுந்து, இரண்டு ஓரத்திலும் படிபோல விளிம்பு நிற்கும். விரல் நகம் அந்தப் படியில் தட்டும். அதே பின்னை அரைச் சுற்றுத் திருப்பினால் கண்ணாடி மாதிரி வழவழப்பு. தேய்ந்த பக்கமும் தேயாத பக்கமும் ஒரே பின்னில் ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நிற்பதைக் கையில் வைத்துப் பார்க்கிற அந்த நேரத்தில், இவ்வளவு அளவு எடுத்ததற்கான காரணம் முழுதாக விளங்கும். திரும்ப ஏற்றும்போது லிங்க்கின் கண்ணில் உழுத கோடு இருந்தால் அந்த லிங்க்கை ஒதுக்கிவிடுங்கள். தளர்வான கண்ணில் ஏற்றிய பின் வேலைக்காட்டில் வெளியே நடந்து வந்துவிடும்.

செயின் பிரிந்திருக்கும்போதே ரோலர்கள். ஒவ்வொன்றையும் கையால் சுழற்றுங்கள். நறநறவென்றால் பேரிங் போச்சு, ஓரத்தில் எண்ணெய் ஈரம் இருந்தால் சீல் போச்சு. மிதவை சீல் மாற்றும்போது செய்யும் பொதுவான தப்பு, ரப்பர் வளையத்துக்கும் எண்ணெய் தடவுவது. ரப்பரும் அது உட்காரும் இடமும் துளி எண்ணெய் இல்லாமல் காய்ந்து சுத்தமாக இருக்கவேண்டும். இரண்டு உலோக வளையங்கள் ஒன்றையொன்று தொடும் மெருகு முகத்தில் மட்டும் மெல்லிசாக எண்ணெய். ரப்பரில் எண்ணெய் பட்டால் அது வழுக்கி உள்ளேயே சுற்றும், பத்து நாளில் ரோலர் காலி. கோத்தபின் ஒரு கிலோ காற்றழுத்தம் கொடுத்து, இறங்காமல் நிற்கிறதா பார்த்துவிட்டு எண்ணெய் நிரப்புங்கள். கழற்றும்போதே ஒற்றை விளிம்பு ரோலர் எது, இரட்டை விளிம்பு ரோலர் எது என்று வரிசையை எழுதி வைத்துக்கொள்ளவும். இடம் மாறினால் ஸ்பிராக்கெட்டில் இடிக்கும்.

ஷூவின் மண்கடிக்கும் விளிம்பு மொட்டையாகியிருந்தால் பட்டை வைத்து வெல்டிங் செய்யலாம். லோ ஹைட்ரஜன் ராடு, 7018 வகை, அடுப்பில் 300 டிகிரிக்கு மேல் ஒரு மணி நேரம் உலர்த்தியது. ஷூவையும் 200 டிகிரி வரை சூடாக்கிக்கொண்டு, வெல்ட் செய்தபின் மணலிலோ சாம்பலிலோ மூடி மெல்ல ஆறவிடவேண்டும். பச்சைத்தண்ணீர் ஊற்றி ஆற்றினால் ஒரே மாதத்தில் ஓரத்தில் விரிசல் ஓடும்.

நின்ற எஞ்சினை எழுப்புவது

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். பல வருஷம் நின்ற எஞ்சினுக்கு முதல்நாளே செல்ஃப் கொடுக்காதீர்கள். ஆயில் டிரெயின் பிளக்கை அரைச்சுற்று மட்டும் தளர்த்துங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், உள்ளே இருந்தால் அதுதான் முதலில் சொட்டும். கறுப்பு எண்ணெய் வரும் முன் தெளிந்த தண்ணீர் நாலு சொட்டு விழுந்தால் லைனர் ரப்பரோ ஹெட்டோ பேசுகிறது என்று அர்த்தம், பிரித்துத்தான் ஆகவேண்டும். தண்ணீர் இல்லை என்றால் நாஸல்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐம்பது மில்லி அளவு டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றி இரண்டு மூன்று நாள் விடுங்கள். பிறகு ஃபிளைவீல் பல்லில் கம்பி கொடுத்துக் கையால் அசையுங்கள். இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக. அடம்பிடித்தால் மறுபடி ஊற்றிக் காத்திருக்கவேண்டும். இழுத்து ஸ்டார்ட் செய்கிறேன் என்று இன்னொரு வண்டியில் கட்டி இழுப்பவர்கள் கனெக்டிங் ராடை வளைக்கிறார்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் எரிபொருள் பம்ப்பில் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் என்ற தண்டு கையால் தள்ளினால் தாராளமாக நகருகிறதா பார்த்தே தீரவேண்டும். துருவிலோ பிசினிலோ அது முழுத்திறப்பில் ஒட்டியிருந்தால், எஞ்சின் பிடித்த நொடியில் கட்டுப்பாடில்லாமல் வேகம் ஏறி உடையும் வரை நிற்காது. காற்று உறிஞ்சும் வாயை முழுக்க மூடுகிற அளவில் ஒரு பலகையோடு ஒருவர் பக்கத்திலேயே நிற்கவேண்டும். கையாலோ துணியாலோ மூட முயலவே கூடாது. டி2, டி4 வகைகளில் பக்கவாட்டில் இரண்டு சிலிண்டர் பெட்ரோல் குட்டி எஞ்சின் இருக்கும். அதை முதலில் ஓடவிட்டு, டீசல் எஞ்சினின் கம்ப்ரஷனைத் திறந்துவைத்துச் சுற்ற வைத்தால், பம்ப் எண்ணெயைப் பேரிங் வரை தள்ளியபின்தான் டீசல் பிடிக்கும். நீண்ட தூக்கத்தில் இருந்து எழும் எஞ்சினுக்கு இதைவிட மரியாதையான வழி இல்லை. அந்தக் குட்டி எஞ்சினைத் தொல்லை என்று கழற்றி எறிகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நம் மாவட்டங்களுக்கே உரிய இன்னொரு தொல்லை தண்ணீர். ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தான் நமக்கு ஒகேனக்கல் கூட்டுக்குடிநீரே வந்தது. அந்தப் போர்வெல் தண்ணீரையே வருஷக்கணக்காக ரேடியேட்டரில் ஊற்றியிருப்பார்கள். பிளாக்கின் உள்ளே உப்புப்படலம் சுண்ணாம்பு அடித்த மாதிரி படிந்திருக்கும், லைனர் சூடு தண்ணீருக்கே போகாது. இருபது லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ எலுமிச்சை உப்பு கரைத்து, வெதுவெதுப்பாக ஒரு மணி நேரம் ஓடவிட்டு வடித்து, சோடா கரைசலில் ஒரு முறை, நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவுங்கள். பிறகு மழைத்தண்ணீரோ பேட்டரித் தண்ணீரோ கூலண்ட் கலந்து ஊற்றினால் போதும்.

வண்டியைத் திருப்ப ஒரு பக்கச் செயினின் இழுவையை விடுவிக்கும் ஸ்டீயரிங் கிளட்ச் பற்றியும் ஒரு வார்த்தை. வெயிலிலும் ஐப்பசி மழையிலும் மூடாமல் நின்ற பழைய வண்டியில், சீட்டுக்கு அடியில் வழியும் தண்ணீர் காய்ந்த கிளட்ச் தட்டுகளைத் துருவால் ஒட்டிவிடும். லீவரை இழுத்தாலும் வண்டி திரும்பாது. உடனே பிரித்துப்போடத் தேவையில்லை. கீழ் டிரெயின் பிளக்கை மூடி, கிளட்ச் அறையில் மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி ஒருநாள் ஊறவைத்து, லீவரை இழுத்தபடி திறந்தவெளியில் முதல் கியரில் கொஞ்சம் ஓட்டி, வடித்து, இதை இரண்டு மூன்று தடவை செய்தால் பெரும்பாலும் விட்டுவிடும். பக்கத்தில் பீடி, வெல்டிங் எதுவும் கூடாது. கடைசியில் முழுக்க வடித்துக் காயவிட்டபின்தான் சுமை கொடுக்கவேண்டும்.

பெயிண்ட் கடைசி. கேட்டர்பில்லர் 1931 கடைசியில் சாம்பல் நிறத்தை விட்டு மஞ்சளுக்கு மாறியது, டி2 பிறந்ததே மஞ்சளில்தான். போருக்குப் போனவற்றுக்கு ராணுவப் பச்சை. சீரியல் எண் வெட்டிய இடத்தில் பட்டி வைக்காதீர்கள், கிரைண்டர் காட்டாதீர்கள்.

செயினை மாட்டும்போது ஷூவும் லிங்க்கும் தொடும் முகத்தில் பெயிண்டோ துருவோ இருக்கக்கூடாது. புது போல்ட்டுகளைப் புத்தகத்தில் சொன்ன டார்க்குக்கு, அதாவது முறுக்கு அளவுக்கு இறுக்கி, அதன்மேல் 120 டிகிரி, அதாவது மூன்றில் ஒரு சுற்று திருப்புங்கள். மேல் ரோலருக்கும் ஐட்லருக்கும் நடுவே நேரான கட்டையை வைத்தால் தொய்வு 25-இலிருந்து 40 மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டும். மழைக்குப் பின் செம்மண்ணில் இறக்குவதானால் அந்த 40-ஐயே வையுங்கள், ஸ்பிராக்கெட்டில் மண் அடைந்ததும் செயின் தானாக இறுகிக்கொள்ளும். முதல் பத்து மணி நேரம் பிளேடில் பாதிச் சுமைக்கு மேல் வேண்டாம். அந்தப் பத்து மணி நேரத்தில் ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் இறங்கி, இரண்டு பக்கமும் நடந்து, ஒவ்வொரு ரோலரின் மூடியிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே வெதுவெதுப்பில் இருக்கும். ஒன்று மட்டும் கையைச் சுட்டால் அதன்மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு, அன்றைக்கு வண்டியை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.